ரிமோட் ஸ்டார்ட்டரும் ஐந்து கால் ரிலேயும்

கனடாவில் ஜனவரி மாதக் காலை. இரவெல்லாம் மைனஸ் 20 டிகிரியில் வாசலில் நின்ற காரை, வீட்டுக்குள்ளிருந்தே ஒரு பொத்தானை அமுக்கிக் கிளப்பிவிடலாம். சீட்டில் உட்காரும்போது கண்ணாடியில் உறைபனி இளகியிருக்கும். அந்தச் சுகத்துக்குப் பின்னால் டேஷ்போர்டுக்கு அடியில் நடப்பது பெரும்பாலும் ரிலே வேலைதான். ரிலே என்பது சிறிய கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்.

கடையில் வாங்கும் ரிமோட் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ளேயே சில ரிலேக்கள் இருக்கும். இக்னிஷன் (எஞ்சின் ஓட), ஆக்சசரி (ரேடியோ, ஹீட்டர் ஃபேன் போன்றவை), ஸ்டார்ட்டர் (செல்ஃப் மோட்டார்) ஆகிய தடித்த வயர்களுக்கு அவை கரண்ட் கொடுத்துவிடும். அதோடு முடிந்துவிட்டால் கவலையே இல்லை. வண்டி கேட்பது பெட்டி கொடுப்பதைவிட அதிகமாக இருக்கும்போதுதான் தலைவலி ஆரம்பம். சாவி போட்டுத் திருகும் பல டொயோட்டாக்களின் இக்னிஷன் சுவிட்சை எடுத்துக்கொள்ளுங்கள். ஏஎம்1, ஏஎம்2 என்று இரண்டு நிரந்தர 12 வோல்ட். அதற்குமேல் ஏசிசி (ஆக்சசரி), ஐஜி1, ஐஜி2 (இரண்டு இக்னிஷன்), எஸ்டி1, எஸ்டி2 (இரண்டு ஸ்டார்ட்டர்). சாவியைத் திருகும்போது இவை எல்லாம் எந்த வரிசையில் உயிர்பெறுகின்றனவோ, அதே வரிசையில் பெட்டியும் உயிர்கொடுக்க வேண்டும். பெட்டியிலோ ஸ்டார்ட்டருக்கு ஒரே ஒரு வயர்தான். மிச்சத்துக்கு வெளியே ரிலே போட்டாக வேண்டும்.

இங்கே சொல்லப்போவது அந்த வெளி ரிலேக்களைப் பற்றி, அதுவும் சாவித் துளை உள்ள, ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளுக்கு. புஷ் பட்டன் வண்டிகளில் பெரும்பகுதி வேலையை டேட்டா வயர் பார்த்துக்கொள்கிறது. மேனுவல் கியர் வண்டியில் முதல்முறை வயரிங் செய்பவர்கள் கை வைக்க வேண்டாம். கியரில் நிற்கும் வண்டி தானாகச் செல்ஃப் எடுத்தால் எதிரே இருக்கும் ஆளையோ சுவரையோ போய் இடிக்கும்.

வேலையைத் தொடங்கும்முன் ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்: பெட்டி தூங்கும்போது இந்த ரிலே என்ன செய்துகொண்டிருக்கும்? ரிமோட்டால் கிளப்பாத நேரத்தில் வண்டி கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும். பெட்டி அங்கே இருப்பதே அதற்குத் தெரியக் கூடாது. கீழே வரும் தப்புகள் முக்கால்வாசி இந்த ஒன்றை மறந்ததால் வருபவை.

முதலில் ரிலேயின் கால்கள். 85, 86 இரண்டும் காயிலின் முனைகள். காயில் என்பது உள்ளே இருக்கும் செம்புக் கம்பிச் சுருள், கரண்ட் பாய்ந்தால் காந்தமாகும். 30 பொதுக் கால். காயிலில் கரண்ட் இல்லாதபோது 30-உம் 87ஏ-வும் ஒட்டியிருக்கும். காயிலுக்குக் கரண்ட் வந்ததும் 30 அங்கிருந்து பிரிந்து 87-இல் போய் ஒட்டும். நடுவில் தனியாக இருப்பது 87ஏ. ஆனால் ஐந்து கால் இருப்பதெல்லாம் இந்த வகை அல்ல. சிலவற்றில் நடுக்காலும் 87 என்றே இருக்கும். இரண்டு 87-உம் உள்ளே ஒன்றுதான். அதைக் கொண்டுபோய் ஸ்டார்ட்டர் வயரை வெட்டிய இடத்தில் மாட்டினால் சாவி போட்டாலும் வண்டி கிளம்பாது. மேலே அச்சிட்ட படத்தைப் பாருங்கள். அதைவிட நல்லது, மல்டிமீட்டரை வைத்து 30-க்கும் நடுக்காலுக்கும் இடையே தொடர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பது. 30/40 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் 87ஏ பக்கம் 30, 87 பக்கம் 40 என்று பொருள். விலையும் எடையும் சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருக்கும் ரிலேயின் மேல் 40 என்று அச்சடித்திருப்பதை நான் நம்ப மாட்டேன்.

அடுத்து காயில் கணக்கு. இதைப் போடாமல்தான் பலர் பெட்டியை எரிக்கிறார்கள். 12 வோல்ட் ரிலேயின் காயில் சாதாரணமாக 75 முதல் 90 ஓம். பெட்டியிலிருந்து வரும் மெல்லிய வயர்கள் எர்த் கொடுப்பவை. பல பெட்டிகளில் அவற்றின் தாங்குதிறன் 200 மில்லி ஆம்பியர்தான், சிலவற்றில் 500. எஞ்சின் ஓடும்போது மின்னழுத்தம் 14.4 வரை போகும். 75 ஓம் காயில் அப்போது 192 மில்லி ஆம்பியர் இழுக்கும். எல்லைக்குள் இருக்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். 75 என்பது 20 டிகிரியில் அளந்த ஓம். செம்பின் தடை ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.39 சதவீதம் மாறும். மைனஸ் 20-இல் அதே காயில் 63 ஓம் ஆகிவிடும். இழுப்பு 228 மில்லி ஆம்பியர். கோடையில் மாட்டிச் சோதித்தபோது ஒழுங்காக வேலை செய்த இணைப்பு, குளிர்காலத்தில் பெட்டிக்குள் இருக்கும் டிரான்சிஸ்டரைப் பதம் பார்ப்பது இப்படித்தான். 90 ஓம் காயில் அதே குளிரில் 76 ஓம், 190 மில்லி ஆம்பியர். 200 மில்லி ஆம்பியர் வயரென்றால் 90 ஓம் ரிலேயாகப் பார்த்து வாங்குங்கள், அதுவும் ஒன்றே ஒன்று.

மூன்று ரிலே வேண்டுமென்றால்? அந்த ஒன்றை மேஸ்திரியாக வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஓடும்வரை எர்த் கொடுக்கும் வயர் ஒன்று பெட்டியில் இருக்கும். இனி அதை ஓட்ட வயர் என்கிறேன். மேஸ்திரி ரிலேயின் 86-க்கு ஃப்யூஸ் வழியே 12 வோல்ட், 85-க்கு ஓட்ட வயர், 30-க்கு நல்ல எர்த். அதன் 87-இலிருந்து வரும் எர்த்தை மற்ற ரிலேக்களின் 85-க்குக் கொடுங்கள். பெட்டியின் மேல் ஒரு காயில் பாரம்தான் விழும். மற்ற காயில்களின் பாரத்தை மேஸ்திரி சுமந்துகொள்ளும்.

ஒவ்வொரு காயிலுக்கும் குறுக்கே ஒரு டையோடு வேண்டும். 1என்4007 போதும். வெள்ளிக் கோடு உள்ள முனை 86 பக்கம், அதாவது பாசிட்டிவ் பக்கம். காயிலை அணைக்கும் கணத்தில் அதில் தேங்கியிருக்கும் காந்த ஆற்றல் நூறு வோல்ட்டுக்கு மேல் எதிர்த் திசையில் உதைக்கும். டையோடு இல்லாவிட்டால் அந்த உதை டிரான்சிஸ்டரில் போய் விழும். டையோடைத் திருப்பி வைத்துவிட்டால் நேரே ஷார்ட். முதல் அமுக்கிலேயே டையோடோ டிரான்சிஸ்டரோ போய்விடும். உள்ளேயே டையோடு வைத்த ரிலேக்களும் உண்டு. அவற்றில் 86 பாசிட்டிவ், 85 எர்த் என்ற திசை கட்டாயம். டையோடு இல்லாத ரிலேயில் மட்டும்தான் 85-ஐயும் 86-ஐயும் மாற்றிப் போட்டால் மன்னிப்பு உண்டு.

இனி எந்த வயருக்கு ரிலே என்று கண்டுபிடிக்க வேண்டும். வயர் நிறத்தை நம்பாதீர்கள். இணையத்தில் கிடைக்கும் நிறப் பட்டியல் தேடத் தொடங்கும் இடம், முடிவு மல்டிமீட்டரில்தான். டெஸ்ட் லைட் வேண்டாம். அதன் பல்பு இழுக்கும் கரண்டே கணினி வயர்களில் சேட்டை செய்யும். மஞ்சள் உறை போட்ட வயர்கள் காற்றுப்பை சம்பந்தப்பட்டவை. அந்தப் பக்கமே கை போக வேண்டாம். கறுப்பு முனையை எர்த்தில் வைத்து, சாவியை ஆஃப், ஆக்சசரி, ஆன், செல்ஃப் என நான்கு நிலையிலும் திருகி ஒவ்வொரு வயராகப் பார்த்துக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆன், செல்ஃப் இரண்டிலும் உயிரோடு இருப்பது இக்னிஷன். செல்ஃபில் மட்டும் உயிர் வருவது ஸ்டார்ட்டர். செல்ஃப் அடிக்கும் நேரத்தில் செத்து, பிறகு திரும்ப வருவது ஆக்சசரி. வரைபடத்தில் அதற்கு ஐஜி என்று பெயர் இருந்தாலும் நமக்கு அது ஆக்சசரிதான். 12 வோல்ட்டும் இல்லாமல் சுழியமும் இல்லாமல் நிலைக்கு ஒரு வோல்ட்டாக மாறிக்கொண்டிருக்கும் வயர் கிடைத்தால், அந்த வண்டியின் சுவிட்ச் ரெசிஸ்டர் வழியே கணினியோடு பேசுகிறது. அதில் நேரடியாக 12 வோல்ட் செலுத்தினால் கணினி போய்விடும். அங்கே அந்த வண்டிக்கென்றே விற்கும் இடைப்பெட்டிதான் வழி.

இரண்டு இக்னிஷன் வயர் இருக்கிறது, பெட்டியில் ஒன்றுதான் என்றால், "இரண்டையும் சேர்த்து முறுக்கிவிட்டால் போகிறது" என்று கை பரபரக்கும். கூடாது. சுவிட்சுக்குள் தனித்தனியாக இருந்த இரண்டு சர்க்யூட்டை நிரந்தரமாகக் கோத்துவிட்டீர்கள். பெட்டி தூங்கும்போதும் அந்த முடிச்சு விழித்திருக்கும். இக்னிஷனையும் ஆக்சசரியையும் இப்படிக் கோத்துவிட்ட வண்டியில் சாவியை ஆக்சசரிக்குத் திருப்பினாலும் எஞ்சின் நிற்காது. ஆக்சசரியிலிருந்து பின்வழியாக இக்னிஷனுக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும்.

ஆகவே ரிலே. 87-க்கு 30 ஆம்பியர் ஃப்யூஸ் வழியே நிரந்தர 12 வோல்ட், 30-க்கு வண்டியின் இரண்டாவது இக்னிஷன் வயர். இந்த இடத்துக்கு நான்கு கால் ரிலேதான் எனக்குப் பிடிக்கும். ஐந்து காலாக இருந்தால், சாவி ஆன் ஆகும்போதெல்லாம் சும்மா கிடக்கும் 87ஏ காலில் 12 வோல்ட் நிற்கும். சாக்கெட்டிலிருந்து அந்த வயரை உருவி எடுத்துவிட வேண்டும்.

காயிலை எதோடு இணைப்பது என்பதில்தான் பழகிய கைகளே வழுக்குகின்றன. பெட்டியின் இக்னிஷன் வயரை 86-க்கும் நேர் எர்த்தை 85-க்கும் கொடுப்பது பரவலான பழக்கம். வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் பெட்டியின் இக்னிஷன் வயர் வண்டியின் இக்னிஷன் வயரோடு சேர்ந்திருக்கிறது. சாவி போட்டு ஓட்டும்போதும் இந்த ரிலே இழுத்துக்கொண்டு நிற்கும், நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரம் ஓட்டினாலும். ஆக்சசரியில் இதே தப்பைச் செய்தால் விளைவு கண்ணுக்கே தெரியும்: சாவியை ஆக்சசரிக்குத் திருப்பி ரேடியோ கேட்டால், கம்பெனி கொடுக்காத ஹீட்டர் ஃபேனும் கூடவே சுற்றும்.

மறுபக்கத் தப்பு, ஆக்சசரி ரிலேயின் காயிலுக்கு நிரந்தர 12 வோல்ட் கொடுத்து ஓட்ட வயரால் மட்டும் இயக்குவது. ஓட்ட வயர் செல்ஃப் அடிக்கும்போதும் எர்த்தைப் பிடித்தே இருக்கும். ஃபேன் அணையாது. முந்தைய நாள் அதை முழு வேகத்தில் விட்டு இறங்கியிருந்தால் 20 ஆம்பியர் அதற்கே போகும். பேட்டரியின் மேல் போட்டிருக்கும் குளிர்த் தொடக்க ஆம்பியர் மைனஸ் 18 டிகிரியில் அளந்தது. 30 விநாடிக்கு அந்த ஆம்பியரைக் கொடுத்த பிறகும் 7.2 வோல்ட் மிஞ்ச வேண்டும் என்பது அந்த அளவின் விதி. அதற்கும் கீழே இறங்கிய குளிரில், நான்கு வயதான பேட்டரியின் தலையில் ஃபேனையும் கட்டிவிட்டால் செல்ஃப் முனகும்.

இரண்டுக்கும் ஒரே மருந்து: 86-க்குப் பெட்டியின் ஆக்சசரி வயர், 85-க்கு ஓட்ட வயர் அல்லது மேஸ்திரி ரிலேயின் எர்த். ஒரே எர்த்தைப் பல ரிலே பகிர்ந்தால் ஒவ்வொரு 85-க்கும் தனியே ஒரு டையோடு வழியே கொடுங்கள், கோடு எர்த் பக்கம். இல்லாவிட்டால் ஒரு காயிலின் கரண்ட் இன்னொரு ரிலேயின் டையோடு வழியே சுற்றிப்போய் ரிலேயை எழுப்பிவிடும். இப்போது இரண்டு நிபந்தனையும் சேர்ந்தால்தான் ரிலே எழும். செல்ஃப் நேரத்தில் ஆக்சசரி செத்துவிடுவதால் ரிலே விழும். சாவியால் ஓட்டும்போது ஓட்ட வயரில் எர்த் இல்லாததால் எழாது. இரண்டாவது இக்னிஷனுக்கும் இதேதான், 86-க்கு இக்னிஷன் வயர். எஸ்டி2-க்கும் இதேதான், 86-க்குப் பெட்டியின் ஸ்டார்ட்டர் வயர். கூடுதலாக இழுக்க வேண்டியது ஒரு மெல்லிய வயர், அவ்வளவுதான். இதைச் செய்யாமல் விடுவதற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது ஸ்டார்ட்டர் வயரை வெட்டிப் போடும் ரிலே. ரிமோட்டில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். சத்தம் குறைந்த வண்டி. உள்ளே ஏறியவர் மறந்துபோய்ச் சாவியைச் செல்ஃப் வரை திருகுவார். ஓடும் ஃப்ளைவீலில் செல்ஃப் மோட்டாரின் பல் போய் உரசும். அந்த அரைப்பைத் தடுக்கத்தான் இது. சாவி சுவிட்சிலிருந்து வரும் ஸ்டார்ட்டர் வயரை வெட்டுங்கள். சாவிப் பக்க முனை 87ஏ-வுக்கு, மோட்டார் பக்க முனை 30-க்கு. 86-க்கு இக்னிஷன், 85-க்கு இதற்கென்றே பெட்டியில் இருக்கும் எர்த் வயர். 87 காலி. பெட்டியின் ஸ்டார்ட்டர் வயரை 30-க்குப் பிறகு, மோட்டார் பக்கத்தில் சேர்க்க வேண்டும். சாவிப் பக்கத்தில் சேர்த்துவிட்டால், பெட்டி தானே ரிலேயை இழுத்து, தானே தன் வழியை அடைத்துக்கொள்ளும். க்ளிக் என்ற சத்தம் கேட்கும், செல்ஃப் அடிக்காது. "பெட்டி பழுது" என்று கடைக்குத் திரும்பக் கொண்டுபோகும் கேஸ்களில் இதுவும் ஒன்று.

இதை 87-இல் போட்டால் திருட்டுப் பாதுகாப்பு கூடுமே என்று ஒரு வாதம் உண்டு. காயில் கருகினாலோ ஒரு எர்த் கழன்றாலோ பனிப்புயலில் வண்டி சாவிக்கும் கிளம்பாது. 87ஏ-வில் போட்டால் ரிலே செத்தாலும் வண்டி கிளம்பும். நான் 87ஏ பக்கம்தான். பழைய வண்டிகள் சிலவற்றில் இந்த வயர் இடையில் ரிலே இல்லாமல் நேரே சோலனாய்டுக்கு, அதாவது செல்ஃப் மோட்டாரின் மேல் இருக்கும் மின்காந்த சுவிட்சுக்குப் போகும். அங்கே பாயும் கரண்ட் பெரிது என்பதால் 87ஏ-வின் 30 ஆம்பியர் உண்மையான 30-ஆக இருக்க வேண்டும்.

சாவிக்குள் இருக்கும் பாதுகாப்பையும் ஏமாற்றியாக வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் 1986 கார்வெட்டில் கொண்டுவந்த வாட்ஸ் என்ற திருட்டுத் தடுப்பு முறை ரிலே பாடத்துக்கென்றே செய்தது போலிருக்கும். சாவித் தண்டில் ஒரு கறுப்புச் சில்லு. அதனுள் வெறும் ரெசிஸ்டர், 402 முதல் 11,800 ஓம் வரை மொத்தம் 15 மதிப்புகள். சாவியின் சில்லை மீட்டரில் அளந்து, அதே ஓமுக்கு ரெசிஸ்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். பூட்டிலிருந்து வரும் இரண்டு மெல்லிய வயரில் ஒன்றை வெட்டி, பூட்டுப் பக்கம் 87ஏ, கணினிப் பக்கம் 30. 87-இலிருந்து ரெசிஸ்டர் வழியே வெட்டாத மற்ற வயருக்கு. ஓட்ட வயரால் இயக்கம். ரிலே எழும்போது பூட்டு முழுதாகக் கழன்று ரெசிஸ்டர் அந்த இடத்தில் உட்காரும். வெட்டாமல் ரெசிஸ்டரைச் சும்மா குறுக்கே போட்டால், சாவி உள்ளே நுழைந்ததும் இரண்டும் இணையாகி ஓம் பாதியாகக் குறையும். கணினி திருடன் என்று முடிவுகட்டிச் சில நிமிடங்களுக்கு வண்டியைப் பூட்டிவிடும்.

கனடாவில் 2007 செப்டம்பருக்குப் பிறகு வந்த புதிய கார்களில் இம்மொபிலைசர், அதாவது உரிய சாவி இல்லாமல் எஞ்சினைக் கிளம்பவிடாத அமைப்பு, கட்டாயம். சாவித் தலையில் சிப், சாவித் துளையைச் சுற்றி ஆன்டெனா வளையம். பழைய கைவைத்தியம் ஒன்று: உபரிச் சாவியின் தலையில் மெல்லிய எனாமல் கம்பியை ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி, சாவித் துளை வளையத்தின் மேலும் அதேபோல் சுற்றி, இரண்டையும் ஒரு ரிலேயின் 30-87 வழியே இணைப்பது. ரிலே தூங்கும்போது வளையம் திறந்திருப்பதால் கையில் இருக்கும் சாவியை வண்டி வழக்கம்போலப் படிக்கும். ரிலேயை விட்டுவிட்டு நேரடியாக இணைத்தால், உள்ளே ஒளித்த சாவி எப்போதும் பேசிக்கொண்டே இருக்கும். இம்மொபிலைசர் இருந்தும் இல்லாத வண்டி அது. இன்றைக்கு இந்த வேலைக்கு டேட்டா பைபாஸ் பெட்டி வாங்குவதே மேல். வண்டிக்குள் சாவியை வைத்துக்கொண்டு காப்பீட்டுக்காரரிடம் விளக்கம் சொல்லும் நிலை வேண்டாம்.

வயர், ஃப்யூஸ் விஷயத்தில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. தடித்த வயர்களுக்கு 12 கேஜ், அதாவது 3.3 சதுர மில்லிமீட்டர். காயில் வயர்களுக்கு 18 கேஜ் தாராளம். பெட்டியின் இரண்டு சிவப்பு வயரையும் ஒரே மெல்லிய நிரந்தர வயரில் தொங்கவிடாதீர்கள். ஏஎம்1-இல் ஒன்று, ஏஎம்2-இல் ஒன்று என்று பிரித்தால் பாரமும் பிரியும். பேட்டரியிலிருந்து தனி வயர் இழுத்தால் ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஃப்யூஸ் வயரைக் காப்பாற்ற. ஃப்யூஸுக்கு முன்னால் உள்ள வயரைக் காப்பாற்ற யாருமில்லை. கடித்துப் பிடிக்கும் நீல நிற டி கிளிப்புகளைத் தொடாதீர்கள். முதல் குளிர்காலத்திலேயே தளர்ந்துவிடும். உறையைச் சீவி, வயரைப் பிளந்து, நுழைத்துச் சுற்றி, ஈயம் வைத்து, துணி டேப் சுற்றுங்கள். எர்த்துக்குப் பெயின்ட் சுரண்டிய பாடி உலோகம், வட்ட லக், போல்ட். டேஷ்போர்டின் பிளாஸ்டிக்கைத் தாங்கும் தகட்டில் எர்த் எடுத்துவிட்டு ரிலே படபடக்கிறது என்று புலம்பக் கூடாது. ரிலேக்களைக் கால் கீழ்நோக்கி, ஸ்டீயரிங் தண்டும் பெடலும் அசையும் பாதைக்கு வெளியே கட்டுங்கள். பனிக்காலத்தில் காலணியோடு உள்ளே வரும் உப்புத் தண்ணீர் ஈரமாகி மேலே ஏறும்.

பிரேக் வயரும் பானட் சுவிட்சும் கட்டாயம் இணைக்க வேண்டியவை. பானட்டைத் திறந்து ஒருவர் பெல்ட் பக்கம் கை வைத்திருக்கும்போது வீட்டுக்குள்ளிருந்து இன்னொருவர் பொத்தானை அமுக்கக் கூடும். மூடிய கராஜில் ரிமோட்டால் கிளப்பவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை.

ஃப்யூஸ்களைக் கடைசியில் போடுங்கள். முதல் சோதனை ரிமோட்டே இல்லாமல்: சாவியால் நான்கு நிலையும் திருகி, முன்பு காகிதத்தில் எழுதியதோடு ஒப்பிடுங்கள். ஒரு வயர் மாறினாலும் எங்கோ ஒரு ரிலே தூங்காமல் இருக்கிறது. அடுத்து, முன்னும் பின்னும் ஆளில்லாத வெட்டவெளியில், ஹேண்ட் பிரேக் போட்டு, சாவி ஆன் நிலையில் லீவரை டி-க்குத் தள்ளி, கால் பிரேக்குக்கு மேலே தயாராக இருக்க ரிமோட்டை அமுக்குங்கள். செல்ஃப் எடுக்கக் கூடாது. எடுத்தால் அந்த நொடியே பிரேக்கை மிதித்து, சாவியையும் அணைத்துவிடுங்கள். கியர் நிலையைப் பெட்டிக்குச் சொல்லும் வயரைச் சரிசெய்யாமல் அந்த வண்டியை வெளியே விடக் கூடாது.

பிறகு ரிமோட்டில் கிளப்பி, ஃபேனை முழு வேகத்தில், பின் கண்ணாடி ஹீட்டரையும் போட்டு, பெட்டியின் முழு ஓட்ட நேரமும் விடுங்கள். மீட்டரின் ஒரு முனை 30-இலும் மறு முனை 87-இலும் வைத்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. கடைசியில் ஒவ்வொரு ரிலேயையும், ஃப்யூஸ் கூட்டையும், ஈயம் வைத்த முடிச்சையும் விரலால் தொட்டுப் பாருங்கள். ரிலேயின் உடம்பு இளஞ்சூடாக இருப்பது காயிலின் சூடு, அதில் தப்பில்லை. வயரும் லக்கும் சேரும் இடம் விரல் தாங்காமல் சுட்டால், டேஷ்போர்டு மூடியைத் திருகும்முன் அந்த முடிச்சைப் பிரித்து மறுபடி போடுங்கள்.